ரிப்பேர்டு, நாட் ரீப்ளேஸ்டு

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். நீ கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது, அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. புதுசு வரவில்லை. பழையதையே சரிசெய்து மாட்டியிருக்கிறேன். என் கையெழுத்து விழுந்தால்தான் லிஃப்ட் ஓடும். எஞ்சினியர் பதிவேட்டில் ‘ரீப்ளேஸ்டு’ என்று எழுதி நீட்டுகிறார். நான் ‘ரிப்பேர்டு’ என்றுதானே எழுதுவேன்? கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான்யா, போடு” என்கிறார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். நீ இங்கிலீஷ் படிக்கிறவள். இரண்டும் ஒன்றா? உடனே எழுது.

அப்பா

ஜூன் 7

அன்பு அப்பாவுக்கு,

பரீட்சை என்று அம்மாவிடம் சொல்லுங்கள், கோபம் இறங்கிவிடும்.

இரண்டும் ஒன்றில்லை அப்பா. நம் வீட்டில் மிக்ஸி ‘ரிப்பேர்’ என்றால் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். இங்கிலீஷில் அது கெட்டதைச் சரிசெய்வது. கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டால் ரிப்பேர். அதைக் கழித்துவிட்டு வேறு சட்டை போட்டால் ரீப்ளேஸ். பதிவேட்டைப் படிக்கிறவர் கட்டை புதுசு என்று நம்பி, ஒரு வருஷத்துக்குத் திறந்தே பார்க்கமாட்டார்.

ஆனாலும் போட்டுவிடுங்கள் அப்பா. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம். எஞ்சினியரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பாப்பா

ஜூன் 16

அன்புள்ள பாப்பாவுக்கு,

அவர் எழுதியதை அடித்துவிட்டு, கீழே ‘ரிப்பேர்டு, நாட் ரீப்ளேஸ்டு’ என்று எழுதி, அதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன். எஞ்சினியர் கத்தினார். மறுநாளே என்னை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போட்டார். பழைய கட்டை என்றால் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை லிஃப்ட்டை ஓட்டக்கூடாது. மேலும் நாலு நாள் நோயாளிகளைப் படியில்தான் தூக்கிப் போனார்கள். ஹெட் நர்ஸம்மா, “உங்க பிடிவாதத்துக்கு என் முட்டி தேயுது” என்று திட்டினார். நானும் ஸ்ட்ரெச்சரில் ஒரு முனை பிடித்தேன்.

ஐந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். என் வரியைப் படித்ததும் பிரேக்கைக் கழற்றச் சொன்னார். கட்டையில் மயிரிழை விரிசல். என் கண்ணுக்கே தப்பியிருந்தது.

“இதை எழுதினது யாரு?”

“நான்தான் சார்.” குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, என்ன செய்ய.

மறுநாளே புதுக் கட்டை வந்தது. என்னைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னார்கள். இப்போது எஞ்சினியர் என்னிடம் பேசுவதில்லை. பரவாயில்லை, லிஃப்ட் ஓடுகிறது.

போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். பயத்தில் எழுதினாய், தெரியும். அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்தபிறகு எப்படியம்மா போடுவேன்?

அப்பா

ஜூன் 20

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கே யார் கேட்டாலும், “அப்பா கம்பெனியில இருக்காரு” என்று மழுப்பிவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான். இன்று விடுதிச் சாப்பாட்டு மேஜையில் அறைத்தோழி கேட்டாள், “யாருடி லெட்டரு? அழுதுட்டே சிரிக்கிற?”

“எங்கப்பா. லிஃப்ட் மெக்கானிக்.”

பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். பிறகு கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கை கழுவப் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

சனிக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக் மகள்