முகத்துவாரத்தில் நின்ற ஆள்தடி

அண்ணா,

வவுனியாவில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கடைக்காரர் வெயிலில் குந்தியிருந்து பழைய ரியூப் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். சூடேறிய ரப்பரின் மணம் தெருவரை வந்தது. நான் நின்றுவிட்டேன். "என்ன ரீச்சர், சைக்கிள் ஓடப் பழகப் போறியளோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். கதவைச் சாத்திய பிறகும் அந்த மணம் போகவில்லை. முற்றத்தில் சப்பாணி கட்டியிருந்து, ரியூப்பைப் பட்டி பட்டியாக வெட்டி, ஈட்டியில் கட்டி இழுத்துப் பார்ப்பீர்களே, அந்த இடத்துக்கே போய்விட்டேன். வேறு வேலை ஓடவில்லை. எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் மீன் குத்துவதென்றால் வள்ளத்தின் முனையில் நின்று மண்டா எறிவதுதான். நீண்ட கம்பு, நுனியில் இரும்பு முள். தண்ணீரில் ஓடும் நிழலைப் பார்த்து மேலிருந்து எறிவார்கள். தண்ணீருக்குள் இறங்கி, மீனின் முகத்துக்கு நேரே போய்க் குத்தியவர் நீங்கள் ஒருவர்தான். வேப்பங்கட்டையைக் குடைந்து, கண்ணாடித் துண்டு பொருத்தி, கீல் பூசிய உங்கள் நீர்க்கண்ணாடியைப் போட்டால் முகம் ஆந்தையின் முகமாகிவிடும்.

"உவன் எங்கை மீனைக் குத்துறான்? மீன் உவனைக் கண்ட பயத்திலை தானாச் சாகுது" என்பார் சம்மாட்டியார். ஊரின் பெரிய வலை அவருடையது என்பதால் அவருடைய பகிடிக்கு எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிப்பீர்கள்.

மேலிருந்து மண்டா எறிகிற ஊரில் கீழே ஆள் நீந்தினால் ஆபத்து. அதற்குத்தான் ஆள்தடி. சங்கு குளித்தவர்களின் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்று சொல்வார்கள். இறங்குமுன் ஒரு கண்டல் மரக் கம்பைச் சேற்றில் ஊன்றி, நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அது நிற்கும்வரை அந்தப் பக்கத்தில் மண்டாவோ வலையோ விழாது. இறங்கியவர் ஏறி வந்து, தடியைப் பிடுங்கி, "ஏறிட்டன்!" என்று இரண்டு கரைக்கும் கேட்கக் கூப்பிட வேண்டும். கரையில் நிற்பவர்கள் "ஓம், கேட்டுது!" என்பார்கள். அதன் பிறகுதான் தண்ணீர் எல்லோருக்கும்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நாட்களில்தான் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் பலகை நட்டார்கள். பறவைகளும் மீன்குஞ்சுகளும் தங்கும் இடமென்று அரசாங்கம் அந்த நீரைக் காப்பிடமாக்கியிருந்தது. விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. மீன்வாடிக்கு முன்னால் ஆண்கள் கூடி நிற்க, வாசித்துச் சொல்ல என்னைக் கூட்டிப் போனீர்கள். அத்தனை பேருக்கு முன்னால் எனக்குக் குரல் வரவில்லை. நான் உங்கள் காதுக்குள் சொன்னேன். நீங்கள் உரத்துச் சொன்னீர்கள்.

"இந்தக் கரைச் சீமெந்துத் தூணிலையிருந்து அந்தக் கரைக் கறுத்தக் கல் மட்டும் எல்லையாம். அதுக்குள்ளை மண்டாவும் கூடாது, ரப்பர் ஈட்டியும் கூடாது. ஊராக்கள் வீச்சுவலை எறியலாம், தூண்டில் போடலாம். வெளிக்கடல் கல்லுப் பாரிலை குத்தலாம். எல்லைக்குள்ளை கட்டை, தடி ஒண்டும் நடக்கூடாதாம்."

"தாங்கள் மட்டும் பலகை நட்டிருக்கினம்!" என்று பின்னால் ஒருவர் சொல்ல, வாடியே சிரித்தது.

சம்மாட்டியார் என்னிடம் கேட்டார்: "கொக்குக்கு எழுதியிருக்கு, குஞ்சுக்கு எழுதியிருக்கு. தண்ணிக்கை இறங்கிற மனிசனுக்கு ஏதும் எழுதியிருக்கோ பிள்ளை?"

நான் மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை வாசித்தேன். "இல்லை" என்றேன். அதை மட்டும் நீங்கள் உரத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிறகு நீங்கள் கேட்டீர்கள்: "வெளியிலை குத்துப்பட்ட மீன் ஈட்டியோட உள்ளுக்கு ஓடினா?"

"எங்கை குத்தினது எண்டதில்லை அண்ணா. ஈட்டி எல்லைக்குள்ளை வந்தாலே பிழை."

"அப்ப எல்லையிலை கையை விடவேணும்?"

"ஓம்."

"மீனும் சட்டம் படிச்சிட்டுது எண்டு சொல்லு."

அடுத்த கிழமை அது உண்மையாகவே நடந்தது. பாரில் குத்திய பெரிய கலவாய் ஒன்று உங்களையும் இழுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குள் பாய்ந்தது. நான் கரையில் நின்றேன். தூணுக்கும் கல்லுக்கும் நேரே வந்தபோது தலையைத் தூக்கி இருபுறமும் பார்த்தீர்கள். பிறகு கையிலிருந்த ஈட்டிக் கயிற்றை விட்டீர்கள். வெறுங்கையோடு ஏறி வந்து, "உன்ரை சட்டம் என்ரை ஈட்டியைக் கொண்டு போட்டுது தங்கச்சி" என்று சிரித்தீர்கள். அன்று மாலையே புது ஈட்டிக்கு ரியூப் வெட்டத் தொடங்கினீர்கள்.

நீங்கள் பயத்தால் விட்டதாக ஊரில் சிலர் கதைத்தார்கள். எனக்குத் தெரியும், அது பயமில்லை. எல்லைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர் நீங்கள் ஒருவர்தானே. "உள்ளுக்கை வேருக்கு வேர் குஞ்சு மொய்ச்சுப்போய் நிக்குது. கண்டா உனக்கும் குத்த மனம் வராது" என்றீர்கள். என்னையும் ஒருநாள் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். நான் வெட்கப்பட்டு மாட்டேன் என்றேன்.

எல்லா விதிக்கும் அடங்கிய நீங்கள் தடி விதிக்கு மட்டும் அடங்கவில்லை. வலை சிக்கினாலும், வள்ளத்து நங்கூரம் சிக்கினாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். எல்லைக்குள் ஈட்டி இல்லாமல் இறங்குவீர்கள். ஆனால் தடி ஊன்றாமல் இறங்கமாட்டீர்கள். பலகையைக் காக்க வந்த காவற்காரர் வட்டக்கச்சி வயல்காரர். நீந்தத் தெரியாது. "தண்ணியைக் கண்டா வரப்பைத் தேடுறார்" என்று ஊர் அவரைப் பகிடி பண்ணும். ஆனால் அவர் கெட்டவரில்லை.

"தம்பி, சட்டத்திலை தடி எண்டா தடிதான். நான் கண்டா எழுதவேணும்" என்றார்.

"அப்ப காணாதையுங்கோ அண்ணை. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோ. நான் கூப்பிட்ட உடனை திரும்பலாம்."

அவர் திரும்பிக் கண்டல் மரங்களைப் பார்த்தபடி நின்றார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் கண்டலைப் பார்த்துக்கொண்டு நின்றால் நீங்கள் தண்ணீருக்குள் இருக்கிறீர்கள் என்று ஊருக்குத் தெரியும்.

மாரி தொடங்கி, வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு ஓடிய காலையில் நான் ஊரில் இல்லை. கடைசிச் சோதனை எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளம் இழுத்துப்போன சம்மாட்டியாரின் வலை எல்லைக்குள் ஏதோ ஒரு மரத்தில் சிக்கியது. நீங்கள் கத்தி மட்டும் எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றிவிட்டு இறங்கினீர்கள். வலைக்காரர்கள் மறுமுனையை இழுத்துக்கொண்டு நின்றார்கள். வலை விடுபட்டு மேலே வந்தது. நீங்கள் வரவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது காவற்காரர் எங்கள் படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "நான் திரும்பி நிண்டனான் பிள்ளை" என்றார். "கூப்பிடுவார் எண்டு நிண்டனான். இப்ப கூப்பிடுவார், இப்ப கூப்பிடுவார் எண்டு கண்டலைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்." அவர் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.  

கடற்கரை முழுவதும் தேடினார்கள். கடல் உங்களைத் தரவில்லை. வெள்ளம் வடிந்தது. தடி மட்டும் நின்றது.

அண்ணா, அந்தத் தடியைப் பார்த்துக்கொண்டு ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மா சமைக்கும் குசினியின் வாசலில் நின்றால் அது தெரியும். காற்றில் துணி அசையும்போது யாரோ கை காட்டுவது போல இருக்கும். நான் பார்க்காமல் நடக்கப் பழகினேன். அம்மா பார்ப்பதற்காகவே அங்கே நின்றார். அந்தியேட்டிக் கிரியை செய்து உங்களை வழியனுப்ப வேண்டுமென்று உறவுக்காரர் வந்து கதைத்தபோது, "ஏறாதவனுக்கு என்ன அந்தியேட்டி?" என்று கேட்டார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ஊரும் அம்மாவைப் போலத்தான் நடந்துகொண்டது. தடி நிற்கிறது, ஆகவே கீழே ஆள் இருக்கிறது. முகத்துவாரத்தில் ஒருவரும் வலை எறியவில்லை. மாரியில் கடல் அடிக்கும். வள்ளம் இறக்க முடியாது. அந்த நாட்களில் ஊர் தின்பதே முகத்துவாரத்தில் வீச்சுவலையில் படும் மணலை மீனும் இறாலும்தான். அரசாங்கமே அனுமதித்த வலையை எங்கள் ஊர் தோளில் போட்டுக்கொண்டு கரையில் சும்மா நின்றது. வீடு வீடாக மரவள்ளிதான் அவிந்தது. ஆனாலும் ஒருவரும் எங்களிடம் வந்து கேட்கவில்லை.

கடைசியில் சம்மாட்டியார் வந்தார். அன்று அவர் பகிடி பேசவில்லை.

"காவற்காரற்றை பெரியவர் பார்க்க வாறாராம் பிள்ளை. தடி நிண்டா அவை புடுங்கி எறிஞ்சுபோட்டுப் போவினம். அவை புடுங்கினா ஆரும் கூப்பிடமாட்டினம். கூப்பிடாத தண்ணியிலை எங்கடை சனம் வலை எறியாது. ஒருநாளும் எறியாது."

"நான் என்ன செய்ய வேணும்?"

"அதிலை கை வைக்க உரித்து இரத்த உறவுக்குத்தான். பெத்தவா மாட்டன் எண்டுறா. கூடப்பிறந்தவள் நீ. நீ புடுங்கி, அவன்ரை சொல்லை அவனுக்காகச் சொல்லவேணும்."

"நான் கூப்பிட்டா ஆருக்குக் கேக்கும்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "கேக்கவேணும்" என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் போனேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. இடுப்பளவு தண்ணீர். தடியில் ஊரிச் சிப்பி ஒட்டியிருந்தது. துணி நிறமில்லாமல் வெளுத்திருந்தது. அது வராமல் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துப் பலமாக இழுத்தேன். ஒரு செடியைப் போல எளிதாகக் கழன்று கையோடு வந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு கரையிலும் சனம் நின்றது. காவற்காரர் இம்முறை தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.  காலைச் சுற்றிச் சின்ன மீன்கள் மொய்ப்பதை உணர்ந்தேன். கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னீர்களே, அவைதான். அப்போது என்னிடமிருந்து ஒரு குரல் எழுந்தது. அது என்னுடையதென்று இன்றுவரை சொல்ல எனக்குத் துணிவில்லை.

"ஏறிட்டன்!"

 சம்மாட்டியார் உடைந்த குரலில், "ஓம், கேட்டுது!" என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். முதல் வலை விரிந்து தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

நான் கரைக்குத் திரும்பும்போதுதான் அம்மா ஓடி வருவதைக் கண்டேன். கொண்டை அவிழ்ந்து, ஒரு கை நிறைய மாவோடு, மணலில் விழுந்தெழும்பி ஓடி வந்தார். "ஏறிட்டான்! என்ரை பிள்ளை ஏறிட்டான்! எங்கை, எங்கை அவன்?"

சனம் விலகி வழி விட்டது. வழியின் முடிவில் நான் நின்றேன். நனைந்த உடுப்போடு, கையில் தடியோடு. அம்மா என்னைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த தண்ணீரைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"குனி" என்றார்.

குனிந்தேன். சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டினார். அழுத்தி, நோகத் துவட்டினார். "இவ்வளவு நேரம் தண்ணிக்கை என்னடா செய்தனி?" என்று கேட்டார்.

அதன் பிறகு அம்மா குசினி வாசலில் நிற்பதில்லை. வேலை செய்கிறார், சாப்பிடுகிறார், அயலவரோடு கதைக்கிறார். ஊர் வலை எறிகிறது. எல்லைக்குள் ஒருவரும் மண்டா கொண்டுபோவதில்லை. நான் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினால், படலையைத் திறந்த உடனேயே அம்மா துணியோடு வருவார். என் தலை உலர்ந்துதான் இருக்கும். ஆனாலும் குனிந்து கொடுக்கிறேன். துவட்டிக்கொண்டே சில நேரம் "பிள்ளை" என்கிறார், சில நேரம் உங்களைக் கூப்பிட்டது போலத் "தம்பி" என்கிறார். எப்படிக் கூப்பிட்டாலும் நான் "ஓம் அம்மா" என்றுதான் சொல்கிறேன், அண்ணா.