படத்தின் கீழே எழுதியது

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
3 ஓகஸ்ட் 2003

அன்புள்ள செலீன்,

உன் கடிதத்தைப் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்து அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தரம் வாசித்தேன். விவசாயக் கல்லூரியில் ஒரே மேசையில் இருந்து படித்தோம். நீ வயலுக்குப் போனாய். நான் பெட்டிகளுக்கு விலாசம் எழுதுகிறேன்.

விவசாயியே விவசாயிக்குப் படிப்பிக்கும் உன் வேலையைப் பற்றி, ஊருக்குக் காசு சேர்த்து அனுப்பும் எங்கள் உதவிக் குழுவில் சொன்னேன். என் மனுசன் கிறகரிதான் இப்போது செயலாளர். "தோட்டக்காரன் தோட்டக்காரனுக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது?" என்று கணேசலிங்கம் அண்ணை கேட்டார். அவருக்குத் தெரிந்த மண், கோடையில் புரோசார்ட் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பை மண் மட்டும்தான்.

கடைசியில் சம்மதித்தார்கள். செப்ரெம்பர் விருந்தில் சேரும் காசில் உங்கள் பயிற்றுநர்களுக்குச் சைக்கிள் வாங்கித் தருவார்களாம். ஆனால் படம் வேண்டுமாம். நீ படிப்பிக்கிற மாதிரி ஒன்று அனுப்பு. வெட்கப்படாதே.

உன்
அஞ்சலீனா


நானாட்டான், மன்னார்
24 ஓகஸ்ட் 2003

என் அஞ்சு,

படம் உள்ளே இருக்கிறது. வகுப்பில் நான் மண்ணை வாயில் வைக்கும்போது, எங்கள் விவசாயிகள் குழுவில் இருக்கிற ஹென்றி அண்ணையின் மருமகள் எடுத்தாள். தலை கலைந்து பேய் மாதிரி நிற்கிறேன், குறை சொல்லாதே.

என்ன செய்கிறேன் என்பதை நீதான் அவர்களுக்கு விளக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து வயல்களில் உவர் ஏறிவிட்டது. மண் பரிசோதனை அட்டவணையைக் காட்டினால் ஒருவரும் நம்புவதில்லை. முதல் கூட்டத்தில் ஹென்றி அண்ணை எழும்பி, "பிள்ளை, கடதாசி உவர்க்காது. முதல் நீ மண்ணை வாயிலை வை, பேந்து நாங்கள் வைக்கிறம்" என்றார். அன்றிலிருந்து அதுதான் முறை. வரம்போரத்தில் ஒரு சிட்டிகை, நடு வயலில் ஒரு சிட்டிகை. நாக்கில் வைத்துத் துப்பி, எது கூட உவர் என்று சொல்ல வேண்டும். பிறகு முதல் மழைத் தண்ணீரை மறித்துக் கட்டி, உவரைக் கரைத்து, வரம்பை வெட்டி வெளியே விடுவது. வைக்கோலையும் இலைகுழையையும் உழுது தாழ்ப்பது. பழகினவர் தன் ஊரில் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். ஹென்றி அண்ணை ஒன்பது பேரைப் பழக்கிவிட்டார். "சுருட்டுப் பிடிக்கிற நாக்கு உவரை அறியுமோ" என்று பெண்கள் அவரைப் பகிடி பண்ணுகிறார்கள்.

மழைக்கு முன் இன்னும் மூன்று ஊர்களுக்குப் போக வேண்டும். நடைதான்.

உன்
செலீன்


ரொக்ஸ்பரோ
29 செப்ரெம்பர் 2003

அன்புள்ள செலீன்,

விருந்து முடிந்தது. பன்னிரண்டு சைக்கிளுக்கு வழி கிடைத்திருக்கிறது, சந்தோஷப்படு.

எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை. மண்டபம் முழுக்க எண்ணெய் மணம். உன் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து வைத்திருந்தார்கள். மட்டன் றோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி, "ஐயோ பாவம், அந்த வாயைப் பாருங்கோ" என்று கண்ணைத் துடைத்தாள். அதே கடதாசியால் உதட்டு எண்ணெயையும் துடைத்துவிட்டு இரண்டாம் முறை வரிசைக்குப் போனாள்.

கிறகரி மேடையில் நன்றாகக் கதைத்தார். குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினதும், "எப்பிடி, எல்லாரையும் அழவைச்சிட்டன் என்ன?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அஞ்சலீனா


நானாட்டான்
21 ஒக்ரோபர் 2003

அஞ்சு,

கணேசலிங்கம் அண்ணை ஊருக்கு வந்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து வந்த எல்லார் கையிலும் உங்கள் குழுவின் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தார். முன்பக்கத்தில் நான் மண்ணை வாயில் வைக்கும் படம். கீழே பெரிய எழுத்தில், "பசிக்கு மண் தின்னும் மன்னார்த் தாய்".

நான் பசி அறியாதவள் இல்லை. தொண்ணூறில் அகதிக் கொட்டிலில் இருந்தோம். அப்போதும் மண் தின்னவில்லை.

நேற்று மூன்றாவது ஊரில் வகுப்பு. முப்பது பேர் வர வேண்டிய இடத்தில் ஆறு பேர். வேலிக்கு அப்பால் ஒருவன், "மண்தின்னி வந்திட்டா, ஆரும் சோறு குடுங்கோ" என்றான். வந்த ஆறு பேரும் சிரித்தார்கள். ஒருவரும் மண்ணைத் தொடவில்லை. மற்ற இரண்டு ஊரிலும் இதே கதைதான். தொட்டால் தங்களையும் படம் பிடித்துக் கனடாவுக்கு அனுப்பிவிடுவேனாம். ஒருவர் வைத்துக் காட்டினால்தான் அடுத்தவர் வைப்பார். என் வாய்க்கு இப்போது மரியாதை இல்லை. உவர் பாராமல் விதைத்தால் அந்த மூன்று ஊருக்கும் இந்தப் போகம் போய்விடும்.

நீ என்ன எழுதிக் கொடுத்தாய்? யார் மாற்றியது? குழுவின் பெயரில் ஒரு திருத்தம் அனுப்பு. மழைக்கு முன் வரவேண்டும்.

செலீன்


ரொக்ஸ்பரோ
6 நவெம்பர் 2003

அன்புள்ள செலீன்,

"உவர் அறிய மண்ணைச் சுவைத்துக் காட்டும் விவசாயப் பயிற்றுநர்." இதுதான் நான் எழுதிக் கொடுத்தது. கிறகரி மாற்றினார். "பயிற்றுநரைப் பார்த்து ஆர் அழுவினம்?" என்று கேட்டார்.

விருந்துக்கு மூன்று நாள் முன்பே அச்சடித்த பிரசுரங்கள் எங்கள் குசினி மேசையில் கிடந்தன. நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, ஒன்றை விரித்து அதன்மேல் வெங்காயம் வெட்டினேன். மண்டபம் பதிந்தாயிற்று, எல்லாருக்கும் சொல்லியாயிற்று, வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். விருந்தில் ஒன்றும் இறங்கவில்லை என்று உனக்கு எழுதியதும் பொய். இரண்டு றோல் சாப்பிட்டேன்.

உன் கடிதத்தைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். "அந்தப் படம் நல்லா வேலை செய்யுது தங்கச்சி" என்றார் ஒருவர். "உம்மட சிநேகிதிக்குச் சைக்கிள் வேணுமோ மரியாதை வேணுமோ எண்டு கேட்டு எழுதும்" என்றார் கிறகரி. சிரித்தார்கள். இருபது வருடமாக அந்தச் சிரிப்புக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அருவருப்பு என்ற சொல்லை அவர்களுக்கென்றுதான் எடுத்தேன். எழுத எழுத அது என் பக்கம் திரும்புகிறது.

குழு திருத்தம் தராது. நானே எழுதி, என் பெயரும் விலாசமும் போட்டு, மூலைக் கடையில் நூறு பிரதி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். முன்பே பார்த்தும் பேசாமல் இருந்தேன் என்பதும் அதில் இருக்கிறது. குழுவிலிருந்து விலகிவிட்டேன். கிறகரி மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஒரு வரி எழுது.

அஞ்சு


மண்வள விவசாயிகள் குழு
நானாட்டான்
2 டிசெம்பர் 2003

மதிப்புக்குரிய திருமதி அஞ்சலீனா கிறகரி அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் நூறு பிரதிகளும் நவெம்பர் 24ஆம் திகதி கிடைத்தன. மழை 9ஆம் திகதியே தொடங்கிவிட்டது.

மழைக்கு மூன்று நாள் முன்னர் எமது உறுப்பினர் ஹென்றி அவர்களும், அவரிடம் பழகிய ஒன்பது பேரும் மூன்று ஊர்களுக்கும் போய், கோயில் வாசல்களில் நின்று மண்ணை வாயில் வைத்துக் காட்டினார்கள். "நாங்களும் மண்தின்னியள்தான். உவர் இல்லாத வயல் ஆரிட்டை இருக்கோ, அவர் சிரிக்கட்டும்" என்று ஹென்றி அவர்கள் சொன்னார். இரண்டு ஊர்களில் தண்ணீரை மறித்துக் கட்டி உவரை வெட்டிவிட்டார்கள். மூன்றாவது ஊரார் கேட்கவில்லை. அங்கே விதைத்ததில் பாதி முளைக்கவில்லை.

ஆகையால் தங்கள் திருத்தத்தைக் கூட்டத்தில் வாசிக்கத் தேவை வரவில்லை. பிரதிகளின் பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் வயல் வரைபடம் கீறப் பயன்படுத்துகிறோம்.

சைக்கிள்கள் வேண்டாம் என்று குழு தீர்மானித்திருக்கிறது.

இனிமேல் எழுதுவதாயின் என் பெயருக்கு எழுதாமல் குழுவின் விலாசத்துக்கு எழுதவும். வரும் கடிதங்களை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம்.

குழுவுக்காக,
செ. செலீன்