ஏழு பேர் வகுப்பு

புனே, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி கம்மியா? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

"பெரிய யுனிவர்சிட்டிய விட்டுட்டு, வகுப்புக்கு ஏழு பேர் படிக்கிற காலேஜுக்கா போற?" என்று கேட்டீர்களே. வெள்ளிக்கிழமை கணித வகுப்பில், கரும்பலகையில் ஒரு தேற்றத்தை நிரூபிக்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டேன். பேராசிரியர் சாக்பீஸைத் திருப்பி வாங்கவில்லை. மணி அடித்தும் மற்ற ஆறு பேரும் எழுந்து போகவில்லை. கடைசியில் நானே முடித்தேன். இருநூறு பேர் வகுப்பில் எனக்காக யார் காத்திருப்பார்கள்?

வேர்க்கடலை உருண்டை ஏழு பேருக்கும் அனுப்புங்கள். இங்கே தமிழ் காதில் விழுவதே இல்லை. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் நம் டீக்கடையில் நிற்கும்போது, எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். யாராவது "பொண்ணு எங்க படிக்குது?" என்று கேட்டால், கல்லூரிப் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். எனக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் மகள்
எழில்