நவம்பர் மாதச் சொல்: செட்

4 நவம்பர், செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். கொடித் துணி உள்ளே வந்தாயிற்று. மாத்திரை போட்டாயிற்று.

ஒன்றைத் திருத்தி வைக்கிறேன். சபியாவை வீட்டுக்கு வராதே என்று நான் சொல்லவில்லை. தெருவில் அப்படித்தான் பேச்சாம். நான் செய்தது இவ்வளவே: நேற்று வந்த தாளைப் பிரித்தேன், அது சபியா கையெழுத்து இல்லை, படிக்காமல் மடித்துத் திருப்பி அனுப்பினேன். தாளைத் திருப்புவது வேறு, ஆளைத் திருப்புவது வேறு.

தாளைக் கொண்டுபோய்க் கொண்டுவருபவள் பால்காரி அஞ்சலை. அவளைக் கேட்டேன்.

"தெருவே பேசிக்கினு இருக்குதும்மா. நான் ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லாம வேற யாரு சொன்னா?"

"பால் கேன் சொல்லிச்சாட்டம்."

சிரிக்கவில்லை. அவள் போன பிறகு சிரித்தேன்.

எங்கள் வழக்கம் ஊருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கான்வென்ட் விடுதியில் எனக்கும் சபியாவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சிஸ்டர் ஒருவர் சனிக்கிழமைதோறும் ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லைத் தருவார். அதற்கு எத்தனை அர்த்தம் என்று நாங்கள் தேடி வர வேண்டும். கல்யாணம், பிள்ளைகள் என்று அது விட்டுப்போயிற்று. என் வீட்டுக்காரர் இறந்த வருடம் நான் யாரிடமும் வாய் திறக்காமல் கிடந்தேன். ஒரு நாள் சபியா ஒரு துண்டுத்தாள் அனுப்பினாள். "லைட். இன்று காதில் விழுந்தது மூன்று. உனக்கு?" அன்று மாலைதான் ஜன்னலைத் திறந்தேன்.

அன்றிலிருந்து மாதம் ஒரு சொல். அகராதி பார்க்கக் கூடாது. நம் ஊர் வாயில் புழங்குவதாக, தானே கேட்டதாக இருக்க வேண்டும். தன் கையால் எழுத வேண்டும். மற்றவளுக்குச் சொல்லும் முன் வேறு யாருக்கும் சொல்லக் கூடாது.

இந்த மாதம் செட். மூன்றாம் தேதியே வேறொருத்தி எழுதிய தாள் வருகிறது. "அந்த மெட்ராஸ் அம்மாதான் வாசல் கேட்டாண்ட நின்னு குடுத்தாங்க" என்றாள் அஞ்சலை. லலிதா. சித்திரையில் சென்னையிலிருந்து மகன் வீட்டோடு வந்தவள். கிராப்பு. சொந்தமாகக் கார் ஓட்டுகிறாள். நகைச்சுவையைச் சொல்லி முடிக்கும் முன்பே தானே சிரித்துவிடுவாள். எழுத்து முத்து முத்தாக, அச்சடித்த மாதிரி. கூட்டெழுத்து வராது போலிருக்கிறது.

இவளோடுதான் ஞாயிற்றுக்கிழமை சபியா கரியாலூருக்கு அருவி பார்க்கப் போனாள். என்னையும் கேட்டாள்: "நீயும் வர்றியா?" வர்றியா என்பது கூப்பிட்டதாகாது. வா என்றால்தான் கூப்பிட்டது.

இன்றைய செட்:
பம்ப் செட் (கொழுந்தனார் போனில், மழையிலும் அதே புலம்பல்).
பல் செட் (என்னுடையது, கிண்ணத்தில்).
இரண்டு செட் ஜெராக்ஸ்.
அனுப்பவில்லை.

6 நவம்பர், வியாழன்

மழை விட்டு வெயில். மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் இன்னொருவரைத் தோளில் தட்டி, "இவரு எங்க செட்டுங்க, ஒண்ணாப் படிச்சோம்" என்றார். நல்ல அர்த்தம். நானும் சபியாவும் ஒரே செட். லலிதா எந்த செட்?

திரும்பும்போது கச்சிராயபாளையம் சாலை முனையில் அவள் கார். முன் இருக்கையில் சபியா, மார்பு மறையத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு. நான் கை தூக்கினேன். அவள் தூக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், மகாராணி. லலிதாதான் பல்லெல்லாம் தெரியக் கை ஆட்டினாள். யார் கேட்டது?

வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

சபியா போன் இரண்டு முறை. எடுக்கவில்லை.

7 நவம்பர், வெள்ளி

மேகமூட்டம். சைனா கிராஸ் ஜெல்லி காய்ச்சினேன், ரோஜா எசன்ஸ் விட்டு. எனக்குப் பிடிக்காது, சபியாவுக்குத்தான் பிடிக்கும். ஏன் காய்ச்சினேன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அஞ்சலைக்கு வெட்டிக் கொடுத்தேன்.

"இன்னாம்மா இது, ஆடிக்கினே இருக்குது?"

"செட் ஆயிடுச்சு. சாப்பிடு."

"இதுகூட ரெண்டு அவர்ல செட் ஆவுது. எம்பொண்ணுக்கு ரெண்டு வருசமா ஒரு மாப்ள செட் ஆவல."

இந்த மாதத்திலேயே சிறந்தது இதுதான். முதலில் சபியாவிடம்தான் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. பல்லில் நார் சிக்கின மாதிரி நாள் முழுக்க.

அவள் லலிதாவிடம் எத்தனை சொல்லியிருப்பாளோ. விடுதிக் கதையெல்லாம் சொல்லியிருப்பாள். நான் முட்டைக் குழம்பைச் சாப்பிட மாட்டேன் என்று அழுததை. அது என் கதை.

8 நவம்பர், சனி

பழக்கடையில் சபியாவின் மருமகள் ரெஹானா. முகம் சரியில்லை.

"மாமி கை ஒடஞ்சு ஒரு வாரமாவப் போவுது. நீங்க ஒரு எட்டு வந்து பாக்கலியே பெரிம்மா."

"எந்தக் கை?"

"சோத்துக் கை. அருவியாண்ட பாறையில வழுக்கிட்டாங்க. எலும்ப செட் பண்ணி மாவுக்கட்டு போட்டிருக்கு. உங்களுக்குத் தாள் வந்துச்சுன்னாங்களே?"

வந்தது என்றேன். ஆப்பிள் வாங்கப் போனவள் சாத்துக்குடியோடு வந்தேன்.

சபியா அதைத்தான் தாளில் எழுதச் சொல்லியிருக்கிறாள். போர்த்திய துப்பட்டா. தூக்காத கை.

9 நவம்பர், ஞாயிறு

மழை. குடையோடு போனேன். போர்வையும் சைனா கிராஸும் எடுத்துக்கொண்டேன். போர்வை எதற்கு? அவளிடம் இல்லாததா?

கூடத்தில் லலிதா. சபியாவின் தலையை மடியில் சாய்த்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். விடுதியில் அது என் வேலை.

சபியாதான் முதலில்: "வந்துட்டாங்க, தாளத் திருப்பி அனுப்புற ஆபீசர் அம்மா."

"அது உன் கையெழுத்து இல்ல."

"கையே இல்லாதப்ப கையெழுத்து எங்கடி வரும், பத்மா?"

லலிதா சீப்பை வைத்துவிட்டு எழுந்தாள். "நான் காபி போடறேன். நீங்க பேசுங்க." அந்த வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்காமல் போனாள், கேட்காமல் போட்டாள். காபி நன்றாகத்தான் இருந்தது.

"அவகிட்ட ஏன் எழுதச் சொன்ன? ரெஹானா இல்லியா?"

"ரெஹானா ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் ஓடிக்கினு இருந்தா. எலும்ப செட் பண்றேன்னு டாக்டர் சொன்னதும் எனக்கு வலி தெரியலடி. ஆகா, இது பத்மாவுக்குன்னுதான் தோணுச்சு. மொதல்ல உனக்குப் போவணும், அதான் அவசரம். எம்புள்ளைக்கே அப்புறந்தான் போன் போட்டாங்க."

சைனா கிராஸை ஸ்பூனால் ஊட்டினேன். சாப்பிட்டாள்.

"எசன்ஸ் ஜாஸ்தி."

"கம்மியா போட்டா உனக்குப் புடிக்காது."

மாப்பிள்ளை செட் ஆகாத கதையைச் சொன்னேன். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலிக்குதுடி என்று மறுபடி சிரித்தாள். உள்ளேயிருந்து லலிதாவும் சிரித்தாள். அவளுக்கு நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில் லலிதா: "அடுத்த மாசம் நானும் சேந்துக்கலாமாங்க? சபியா உங்க ரெண்டு பேர் கேமப் பத்தி அவ்வளவு சொல்றாங்க."

"மழை வலுக்கும் போலிருக்கு" என்றேன்.

10 நவம்பர், திங்கள்

தூறல்கூட இல்லை. அஞ்சலை வருவதற்குள் எழுதியது. நகல் இங்கே:

சபியா,

கை மாவுக்கட்டில் இருக்கும்வரை நான் தினமும் வந்து தலை வாரிவிடுகிறேன். மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாம். காபி யார் வேண்டுமானாலும் போடட்டும்.

டிசம்பர் மாதச் சொல்லைத் தேர்வது உன் முறை. என்னிடம் சொல்லும் முன் யாரிடமும் சொல்லாதே. லலிதாவைச் சேர்த்துக்கொள்வதா என்று நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன். போனில் வேண்டாம். ரெஹானா கையும் வேண்டாம், அந்த முத்து எழுத்தும் வேண்டாம். உன் இடது கையால் எழுது. கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வேன்.

நாளைக்குள் பதிலை எழுதி அனுப்பு.