கதவு பூட்டின அடுத்த நாளுக்கு அம்மா சாட்சி

பழுகாமம்
மாசி 2010

என்ட அன்பு மகள் கேதீஸ்வரிக்கு,

கண்ணகைத் தாய் உன்னையும் மருமகனையும் அந்தக் குளிரில விறைக்காமப் பாத்துக்கொள்ளட்டும். இஞ்ச நானும் அப்பாவும் சுகம், அப்பாட முழங்கால் மட்டும் சுகமில்ல, எண்ணெய் பூச வந்தா மாட்டுக்குப் பூசு எண்டு சொல்றார், மாடு பேசாம நிண்டு பூச விடுது, அதாலதான் அதுக்கு நோவில்ல. சண்டை முடிஞ்ச பொறகு பயமில்லாம வயல் வட்டைக்குப் போய் வாறார், இந்தமுறை வெள்ளாமை நல்லம், ஆனா யானை வந்து எங்கட வரம்பில நிண்டு தன்னைப் பாத்துத் தலையாட்டிட்டுப் போச்சுதாம், அது அப்பாட கதை, நான் நம்பயில்ல.

மறுகா விசயத்துக்கு வாறன் மனே. போன கிழமை நீ போனில அழுது சொன்னதைக் கேட்டு அடுப்பில சோத்தைக் கருக விட்டுட்டன். பத்து வயசில உன்னைப் படிக்க விட்ட கடற்கரை விடுதிப் பொறுப்பாளன் உன்னில கை வைச்சவன் எண்டும், அவன் இப்ப உன்ட நாட்டிலயே பேரப்பிள்ளைகளோட சொகுசா இரிக்கான் எண்டும் சொன்னாய். அவனுக்கு மேல நட்டஈட்டு வழக்குப் போட இரிந்த காலம் முடிஞ்சு போச்சு, இப்ப சின்ன வயசில இப்பிடிப் பட்ட ஆக்களுக்கு அந்தக் காலத்தை நீட்டிச் சட்டம் வந்திரிக்கு எண்டும் சொன்னாய். சொல்லிட்டு, இவ்வளவு பிந்தி வாய் திறந்தா ஆர் நம்புவாங்க, விடுதியையும் அதிட கடதாசிகளையும் சுனாமி கொண்டு போயிற்று, எனக்குச் சாட்சி ஆரம்மா எண்டு கேட்டாய். ஏன் கா, நான் என்ன செத்தா போனன்? கடல் கொண்டு போனது கட்டடத்தை, என்னையில்ல.

எங்கட அம்மன் கோயில் வருசத்தில ஒருக்கா வைகாசியில கதவு திறக்கிறதுக்கு அந்த வருசம் உன்னை விடுதியிலரிந்து கூட்டி வந்தனான். குளிர்த்திச் சடங்கு முடிஞ்சு கதவு பூட்டி அடுத்த நாள் உன்னைத் திருப்பிக் கொண்டு விடத் தோணி ஏறத் துறையடிக்கு வெளிக்கிட்டா ஆளைக் காணயில்ல. தேடிப் பாத்தா நெல்லு மூட்டைக்குப் பின்னால. நான் போகமாட்டன் எண்டதைத் தவிர ஒண்டும் பறையயில்ல நீ. அப்பா கத்தினார், சொந்தக்காரர் புத்தி சொன்னாங்க, விடுதிக்காரன் ஆள் விட்டுக் கேட்டான். என்ட பிள்ளை சும்மா ஒளிக்கிறவள் இல்ல எண்டு ஒத்தைக் காலில நிண்டு உன்னை நான் விடயில்ல. இதைத்தான் கோட்டில சொல்லப் போறன், மாட்டுக்கு முன்னால சொல்லிச் சொல்லிப் பழகிட்டன்.

உன்ட லோயர் கேட்ட சத்தியக் கடதாசி முடிக்க நேற்று சமாதான நீதவான் முகைதீன்பாவா ஜேபியிட்டப் போனன். திகதி சொல்லுங்க எண்டார். இந்தியன் ஆமி போன வருசம், கண்ணகை அம்மனுக்குக் கதவு பூட்டி அடுத்த நாள் எண்டன். கோட்டுக்கு அம்மன்ட கதவு தெரியாது தங்கச்சி, திகதி வேணும் எண்டார். அப்ப கோட்டுக்கு என்னதான் தெரியும் எண்டன். மனிசன் தலையில கையை வைச்சார். மறுகா அவரே, குளிர்த்தி வைகாசிப் பூரணைக்கெண்டா அது போயா லீவுதானே எண்டு அந்த வருசத்துப் போயா நாளைத் தேடிப் பிடிச்சு அதுக்கு அடுத்த நாளைத் திகதியாப் போட்டார். முத்திரை குத்த முதல் கண்ணாடியைக் கழட்டி மெதுவாக் கேட்டார், இருபது வருசமாச்சே, ஏன் இவ்வளவு காலம் பேசாம இரிந்தீங்க எண்டு. என்ட பிள்ளை இப்பதானே சொன்னாள் எண்டன். முத்திரையைக் குத்திக் கையில தந்தார்.

ஊர் பறையும் எண்டு பயப்படாத, நீ சொல்லுமட்டும் என்ட வாய் பூட்டினபடிதான். பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை மோப்பம் பிடிச்சு, ஜேபியிட்ட ஏன் போன நீ, காணி விக்கவோ எண்டு கேட்டாள். ஓம், உன்ட காணியைத்தான் எண்டன், ராவு அவள் நித்திரை கொண்டிரிக்க மாட்டாள். அப்பாவுக்கு மட்டும் நீ சொல்லச் சொன்னபடி சொன்னன். மனிசன் மாட்டடிக்குப் போய் வைக்கல் போட்டுட்டு வந்தார். அண்டைக்குப் பிள்ளையில கத்தினது பிழை எண்டு எழுது எண்டு சொன்னார், எழுதிட்டன்.

இன்னொண்டு. நீ ஒளிச்ச அண்டைக்கு நான் அம்மனுக்கு மடிப்பிச்சை நேர்ந்தனான், மடியேந்தி வீடு வீடா அரிசி வாங்கிப் பொங்குறன் எண்டு. உன்ட விசாவுக்கு நேர்ந்ததாக்கும் எண்டு நினைச்சு, பிள்ளை போய்ச் சேந்தும் இன்னும் செலுத்தாம இரிக்கிறாளே எண்டு ஊரில பகிடி பண்றாங்க. வழக்கு வெல்லணும், அவன் தலை குனியணும், எனக்கும் ஆசைதான். ஆனா நான் நேர்ந்தது அதுக்கில்ல மனே. உள்ளுக்க வைச்சிரிக்கிறதை என்ட பிள்ளை ஒருநாள் என்னட்டச் சொல்லணும் எண்டுதான் நேர்ந்தன். போன கிழமை சொல்லிட்டாய். வாற வைகாசி கதவு திறக்க மடியேந்திப் போறன், முதல் பிச்சை சீதேவிப்பிள்ளை வீட்டில.

நிமிர்ந்து லோயரிட்டப் போ. பிந்திட்டாய் எண்டு ஆரும் சொன்னா, அம்மன் இவ்வளவு காலமும் கோவிக்காமக் காத்திரிந்தவ எண்டு சொல்லு. காதை மூடித் தொப்பி போட மறக்காத. நல்லா இரிப்பாய் மனே.

இப்படிக்கு,
உன்ட அம்மாவும் சாட்சியுமான
தெய்வமணி