கடலுக்குப் போன தொலைபேசிகள்

இன்று காலை பருத்தித்துறை மீன் சந்தையில் பூமணி அக்கா ஒரு பிளாஸ்ரிக் அட்டையால் தன் மீனில் மொய்த்த இலையான் கலைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். கொரோனா நாட்களில் சந்தை வாசல் தூணில் கட்டியிருந்த அட்டை. தொலைபேசியைப் பிடித்துப் பதிந்துவிட்டு உள்ளே போகச் சொன்ன அந்தக் கறுப்புக் கட்டங்கள் பாதி அழிந்துபோய், மேலே சூடை மீன் செதிள் ஒட்டியிருந்தது. இப்போதுதான் அது ஒரு பிரயோசனத்துக்கு வந்திருக்கிறது என்றார் அக்கா. நான் சிரித்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. பிடுங்கிக் கடலில் எறிய வேண்டும் போல இருந்தது. நீ இருந்திருந்தால் எறிந்திருப்பாய்.

இந்தக் கோபம் போன கிழமையே தொடங்கிவிட்டது. எங்கள் சுகாதார அலுவலகத்தில் ஒரு கூட்டம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் தீர்த்தமாடக் கூடும் சனத்தை இனிக் கணினி பார்த்துக்கொள்ளுமாம். ஆட்களின் தொலைபேசிகளை எண்ணி, எந்தப் படியில் நெரிசல், எந்த வாசலை மூடுவது என்று திரை சொல்லுமாம். இன்னொரு தொற்று வந்தால் யார் யாரோடு நின்றார் என்றும் அதே திரை சொல்லுமாம். முன்மாதிரி என்று எங்கள் மேலதிகாரி ஒரு படத்தைப் போட்டார். பருத்தித்துறைச் சந்தை. நடுவில் பெரிய சிவப்பு வட்டம். அந்த ஒரு ஆளைப் பிடித்ததால்தான் சந்தையைக் காப்பாற்றினோம் என்று பெருமையாகச் சொன்னார். அந்த ஆள் நீ. அந்தப் படத்தைச் செய்தவள் நான்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் கூட்டத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். சந்தையைத் திரும்பத் திறந்தபோது, தொலைபேசி இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடுவதில்லை என்று வாசலில் பொலிசை நிறுத்தினார்கள். மீன் விற்கிற பெண்களிடம் ஏது தொலைபேசி? வீட்டுக்கு ஒன்று. அதையும் தொழிலுக்குப் போகிற ஆம்பிளைகள் விடியமுதல் பொலித்தீன் பையில் சுற்றி வள்ளத்தில் கொண்டுபோய்விடுவார்கள். இயந்திரம் நின்றுவிட்டால் கரைக்குச் சொல்ல அது வேண்டும். "போன் கடலிலை" என்று பூமணி அக்கா பொலிசுக்குச் சொல்லிக்கொண்டு கூடையோடு வெயிலில் நின்றாராம். வாசலுக்கு வெளியே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நீ உன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொருத்தருக்காகவும் அட்டையில் பிடித்துப் பிடித்து எல்லோரையும் உள்ளே அனுப்பினாய். அன்றைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும்.

உன் குணம் அது. பள்ளிக்கூடத்தில் பின் வாங்கில் யார் கதைத்தது என்று ரீச்சர் கேட்டால், கதைக்காத நீதான் எழும்பி நிற்பாய். அதற்காக உன்னோடும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுத மாட்டேன்.

எனக்கு வந்த தரவில் எண்களை மறைத்திருந்தார்கள். ஆட்களின் அந்தரங்கத்தைக் காக்கவாம். ஒரே ஆள் காலையில் திரும்பத் திரும்ப உள்ளே போவதை மட்டும் கண்டேன். ஓயாமல் உலாவுகிற யாரோ என்று நினைத்து, ஒவ்வொரு பதிவையும் ஒரு நோய்த் தொடர்பாகக் கணக்கெடுக்கும்படி நிரலை எழுதினேன். சந்தையில் காய்ச்சல் வந்த எல்லோரையும் சுற்றி உன் வட்டம் ஊதிப் பெருத்தது. படம் நல்லாய் வந்திருக்கிறது என்று எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. என்னிடம் மறைத்த எண் ஜீப்பில் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. உன்னைத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றிப்போய், உன் வீட்டு வாசல் படலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அங்கிருந்து நீ எனக்குப் போன் எடுத்தாய். ஏன் பிடித்தார்கள் என்று ஒருவரும் சொல்கிறார்களில்லை, உனக்குத் தெரியுமா என்று கேட்டாய். சந்தை வாசலில் எல்லோருக்கும் உன் தொலைபேசியைப் பிடித்த கதையையும் சொன்னாய். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொன்னேன். என் அப்பாவும் வள்ளக்காரர் என்பதை நீ மறக்கவில்லை.

"எடியே, உன்ரை கொப்பற்றை போனும் கடலுக்குத் தானே போனது. கம்பியூட்டருக்குத் தெரியாது, சரி. உனக்குமே தெரியாது?"

அடுத்த நாளே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அறிக்கை மேலே போய்விட்டது, இனி மாற்றினால் எங்களைத்தான் கேள்வி கேட்பார்கள், பதினாலு நாள் தானே என்றார். நான் ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். ஒரு நோயும் இல்லாமல் போன உனக்கு, ஒரு மண்டபத்தில் அடுக்கிப் போட்ட கட்டில்களுக்கு நடுவில் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை. உன் அம்மாவைப் பெட்டியைத் தொடக்கூட விடவில்லை.

போன கிழமைக் கூட்டத்தில் நான் எழும்பினேன். கேணிக்குள் இறங்குகிறவர்கள் தொலைபேசியைக் கையில் கொண்டுபோக மாட்டார்கள் என்றேன். குடும்பத்தில் ஒருத்தர் மேலே படியில் உடுப்பையும் எல்லோரின் தொலைபேசிகளையும் மடியில் வைத்துக்கொண்டு காவல் இருப்பார், உங்கள் திரையில் அவர்தான் பெரிய கூட்டமாகத் தெரிவார், தண்ணீருக்குள் நிற்கிற சனம் தெரியாது என்றேன். அதெல்லாம் விதிவிலக்கு, பிறகு பார்க்கலாம் என்றார் மேலதிகாரி. விதிவிலக்காம்! உன்னை எரித்த சாம்பலும் அவர்களுக்கு ஒரு விதிவிலக்குத்தான்.

அதனால்தான் இன்று உன் தொலைபேசியில் விழுந்த பழைய பதிவுகளைத் தாளில் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். மீன்காரப் பெண்கள் வந்த ஒழுங்கில்தான் இடம் பிடிப்பார்கள். நாளுக்கு நாள் மாறாத அந்த ஒழுங்கை ஒருவரும் மறக்கவில்லை. நான் நேரத்தை வாசிக்க வாசிக்க, இது நான், இது எனக்குப் பிறகு வந்தவள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதினேன். கடைசி வரியும் முடிந்தது. உன் பெயர் எங்கும் வரவில்லை. அவள் எப்போது உள்ளே வந்தவள் என்று கேட்டேன்.

பூமணி அக்கா அட்டையைக் கீழே வைத்தார். "அவள் ஒரு நாளும் உள்ளுக்கு வரேல்லை பிள்ளை. கேற்றடியிலை நிண்டுதான் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தவள்."

அந்தப் பெரிய சிவப்பு வட்டத்துக்குள் நீ ஒரு நாள்கூட இருக்கவில்லை.

தாளோடு நேரே உன் வீட்டுக்குப் போனேன். படலையில் நோட்டீஸ் ஒட்டிய பசை இன்னும் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. நோயைக் கொண்டுவந்த வீடு என்று சொல்லி உன் கடையில் பிறகு ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை, அம்மா பூட்டிவிட்டார், அதுவும் உனக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் இருந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். படத்தைச் செய்தவள் நான்தான் என்பதையும் சொன்னேன்.

"அப்ப என்ரை பிள்ளை ஒருத்தருக்கும் நோயைக் குடுக்கேல்லை?"

"இல்லை அம்மா. அவள் உள்ளுக்குப் போகவேயில்லை."

அம்மா தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு காலம் எடுத்ததே பிள்ளை?"

நாளைக்குத் திரும்பவும் கீரிமலைக் கூட்டம். அந்தப் படத்தை அவர்கள் போட முதல் நான் பெயர்களை வாசிக்கப்போகிறேன். தாள் என்னிடம் இல்லை, அம்மா திருப்பித் தரவில்லை. பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.