அரை மாத்திரை

கார்த்திகை 8, திங்கள்
விடியலிலிருந்து தூறல். சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது. வடிக்க ஆள் சொல்ல வேண்டும். ரேஷன் போகவில்லை.

கயல் கேட்டதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருஷ முழுப் பரீட்சைக்கு முந்தின நாள். "உங்க தூக்க மாத்திரைல எனக்கு ஒண்ணு தர்றீங்களா பெரியம்மா?" தங்கை மகள், என் வீட்டில் தங்கிப் படித்தவள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பாதியாக உடைத்து நான்தான் கொடுத்தேன்.

9, செவ்வாய்
மழை விட்டது. மெடிக்கல் சேகர் வந்தான். என்னிடம் படித்தவன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
"கயல் வந்து டீச்சருக்குன்னு சொல்லுச்சு. உங்க பழைய டாக்டர் சீட்டுதான் காட்டுச்சு. உங்க வீட்டுப் பொண்ணுகிட்ட எப்படி டீச்சர் கேள்வி கேக்குறது?"
வாரம் ஒரு அட்டை வாங்கியிருக்கிறாளாம். வகுப்பில் அவள் மயங்கி விழும்வரை எனக்குத் தெரியாது.

11, வியாழன்
தங்கை சுமதி போன். கயலைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் மூன்று வாரம். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம். சரிதான், நிறைந்து ஓடும் வாய்க்காலைச் சட்டென்று அடைத்தால் கரை தாங்குமா?
"அந்த ரம்யாதான்க்கா பழக்கிவிட்டிருப்பா. நாளன்னிக்கு அவ வீட்டு வாசல்ல போய் நிக்கப்போறேன்."
பாவம், கூடப் படிக்கும் பெண். நான் வாயைத் திறக்கவில்லை.
பக்கத்திலிருந்து கயல் குரல்: "பெரியம்மாவாம்மா?" அவ்வளவுதான். லைன் போன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

12, வெள்ளி
மாவு புளித்துவிட்டது. இரண்டு பேருக்கு அரைத்தே பழக்கம்.
குழாயில் அவள் ரப்பர் பேண்ட். எடுக்க மனமில்லை.
சத்தமாகப் பேசினால், "ஸ்கூல் விட்டாச்சு பெரியம்மா, வால்யூமக் குறைங்க" என்பாள். இன்று பால்காரரிடம் கத்தினேன். கேலி பண்ண ஆளில்லை.

13, சனி
காலை ஆறு மணிக்கே சுமதிக்குப் போன். சொல்லிவிட்டேன். முதல் பாதி மாத்திரை என் கையால் என்று.
சுமதி கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அவ உன் பேரையே சொல்லலியேக்கா."
அப்புறம், "இப்போதைக்கு இங்க வராத."
சுமதி இனி ரம்யா வீட்டுக்குப் போகமாட்டாள். அது போதும். போதவில்லை.
ஏன் தூக்கம் வரவில்லை என்று அன்றைக்கு நான் அவளைக் கேட்கவே இல்லை. இந்த நோட்டை யார் எடுத்துப் படித்தாலும் சரி, உங்கள் வீட்டில் பிள்ளை விழித்திருந்தால் அதைக் கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.